யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?

வணக்கம் அக்கா,

செங்கம் வட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சில பேர் சேர்ந்து ஓர் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். இந்த வருஷம் திருவண்ணாமலை மாவட்டம் முழுக்க சமூக சேவை செய்கிற நாற்பது பேருக்கு விருது கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். மண்டபம் பேசியாச்சு, கொஞ்சம் நன்கொடையும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பட்டியல் போட உட்கார்ந்ததும் சிக்கல். வந்த பெயர்களில் பாதி டிரஸ்ட் வைத்திருப்பவர்கள், தினமும் பேஸ்புக்கில் படம் போடுகிறவர்கள். சிலர் அவர்களே போன் செய்து கேட்கிறார்கள். எங்கள் ஊரில் மழைக்காலம் வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் ஏரிக்கரையைச் சுற்றி வருகிற ஒரு பெரியவர் இருக்கிறார். யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போகிற ஓர் அம்மா இருக்கிறார். அவர்களிடம் போய்ச் சொன்னால் ‘எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்’ என்கிறார்கள். சேவை செய்கிறவர் அங்கீகாரம் எதிர்பார்க்கக் கூடாது, விழாவே வேண்டாம் என்கிறார் மன்றத்தில் ஒருவர். விருது கொடுப்பது சரியா? கொடுத்தால் யாருக்கு, எப்படி? சேர்ந்த பணத்தை என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. செய்கிறவர் எதிர்பார்க்கக் கூடாது என்பது அவரவர் தனக்குத்தானே வைத்துக்கொள்கிற கட்டுப்பாடு. அதை எடுத்து, சேவையை வாங்கிக்கொண்ட ஊர் தனக்குச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெரியவர் கேட்கவில்லை என்பதால் ஊர் சும்மா இருந்துவிடலாம் என்று ஆகாது. அவர் கேட்காதவர் என்பதால்தான் நாம் தேடிப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் செய்யுங்கள். ஆனால் நீங்கள் திட்டம் போட்டிருக்கிற மாதிரி வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

சில வருஷம் முன்னால் ஒரு சிறு நகரத்தில் இப்படி ஒரு விழாவில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். காலை பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது ஒன்றரை. அதற்குள் விருது வாங்க வந்திருந்த வயதானவர்கள் சோர்ந்துவிட்டார்கள். ஒரு அம்மாவின் பெயரைத் தப்பாக வாசித்தார்கள், ஷீல்டிலும் அதே தப்பு. மேடையில் அவர் நின்றது போட்டோ எடுக்கிற நேரம்தான், அவர் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட யாரும் சொல்லவில்லை. சான்றிதழில் ‘சிறந்த சமூக சேவையைப் பாராட்டி’ என்று அச்சடித்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்கள். வெளியே பஸ் ஸ்டாண்டில் அந்த ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘இத்த எங்க கண்ணு வெக்கறது, வூட்டுல எடமில்லியே’ என்றார். நிஜமாகவே யோசித்துக்கொண்டுதான் கேட்டார். அவர் என்ன செய்பவர் என்பதை அந்த பஸ் ஸ்டாண்டில் அவர் வாயால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் வீட்டுக்கு விடிகாலையில் போய், கண் முன்னால் அவர்களை முழுங்க வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாராம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம், வந்தால் பழைய மருந்துக்குக் கேட்காமலும் போகலாம் என்பதை ஒரு டாக்டர் சொல்கிற தெளிவோடு சொன்னார். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்க வேண்டிய பேச்சு அது.

என் பேச்சு மொத்தமும் இதுதான் தம்பி. யார், எந்த ஊரில், எதை, எப்படிச் செய்தார் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு, அதை அவர் ஊர் ஜனங்கள் முன்னால் சொல்லி, எழுதியும் வைப்பதுதான் மரியாதை. மாலையும் சால்வையும் அதற்கு மேலே வருகிற அலங்காரம். இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

இதை உங்கள் மண்ணில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. செங்கத்துப் பக்கம் நடுகல்லுக்குக் குறைவா? எடுத்தனூர் நடுகல்லைப் பார்த்திருக்கிறீர்களா? பல்லவ மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. மாடுகளைக் காப்பாற்றப் போய்ச் செத்த ஒருவனுக்கு எடுத்த கல். அதில் அரசன் பெயர் இருக்கிறது, செத்தவன் பெயர் இருக்கிறது, அதோடு அவன் நாயையும் பக்கத்திலேயே செதுக்கி, அந்த நாய்க்கு என்ன பெயர், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்கிறவரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் கழித்து நாம் அந்த நாயைப் பற்றிப் பேச முடிகிறது என்றால், கல்லில் வெட்டியவர்கள் ‘சிறந்த சேவை’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகவில்லை என்பதால்தான். கோயில் கல்வெட்டுகளிலும் பாருங்கள், தானம் கொடுத்தவன் கடைசியில், இந்த தர்மத்தைப் பின்னாளில் காப்பாற்றுகிறவனுடைய பாதம் என் தலைமேல் என்று எழுதி வைப்பான். ஏரியோ விளக்கோ, வைத்துவிட்டுப் போகிறவனைவிட அதைத் தினமும் பார்த்துக்கொள்கிறவன் ஒரு படி மேலே என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. உங்கள் ஏரிக்கரைப் பெரியவர் அந்த இரண்டாவது ஆள்.

சரி, யாருக்கு என்ற கேள்விக்கு வருகிறேன்.

விண்ணப்பம் கேட்காதீர்கள். விண்ணப்பம் கேட்டால் விண்ணப்பம் போடத் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். அதில் தப்பு இல்லை, அவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நீங்கள் தேடுகிறவர்கள் அந்த வழியில் வரமாட்டார்கள். ஊர் ஊராகப் போங்கள். டீக்கடையில் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சொல்கிற பெயர்கள் எப்போதும் கட்சிக்காரர் பெயராகவோ சங்கத் தலைவர் பெயராகவோதான் இருக்கும். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பெண்களிடம் கேளுங்கள், நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் கேளுங்கள், அங்கன்வாடி டீச்சரிடமும் துணை சுகாதார நிலைய நர்ஸிடமும், கடைசி டிரிப் டவுன் பஸ் கண்டக்டரிடமும் கேளுங்கள். ‘சமூக சேவை செய்கிறவர் யார்’ என்று கேட்காமல் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டில் ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? மனு எழுத யாரிடம் போவீர்கள்? ஏரி நிரம்பிக் கோடி போகும்போது கரையில் யார் நிற்பார்? பள்ளிக்கூடம் விட்டு நின்றுபோன பிள்ளையைத் திரும்பக் கூட்டிப்போனது யார்? ஒரே பெயரைச் சம்பந்தமில்லாத மூன்று பேர் சொன்னால் அந்த ஆளைப் போய்ப் பாருங்கள்.

ஊர்த்தெருவோடு நின்றுவிடாமல் காலனிக்கும் போங்கள், மலைக்கும் போங்கள். ஜவ்வாது மலையும் உங்கள் மாவட்டம்தானே, ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக்கிராமங்களில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய ஆட்களை விட்டுவிட்டுப் போடுகிற மாவட்டப் பட்டியல் எனக்குப் பட்டியலாகவே தெரியாது.

இதில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குழி வெட்டுகிறவரையும், பறையடிக்கிறவரையும், சாக்கடை அள்ளுகிறவரையும் மேடையில் ஏற்றி ‘தன்னலமற்ற சேவை’ என்று சால்வை போடுவது இப்போது பெருகிவிட்டது. ஜாதி சுமத்திய வேலையைச் சேவை என்று பாராட்டுவது, அதே வேலையை அவர் பிள்ளையும் செய்யட்டும் என்று சொல்வதில்தான் போய் முடியும். ஊராட்சித் தூய்மைக் காவலருக்கு நீங்கள் ஏதாவது செய்ய நினைத்தால் அவர் சம்பளம் மாதாமாதம் வருகிறதா, கையுறையும் பூட்ஸும் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லையென்றால் அவரோடு போய் மனு கொடுங்கள். அவருக்கு அதுதான் மரியாதை.

தன்னார்வலர் என்ற பெயரில் அரசு வைத்திருக்கிறவர்களையும் மறக்க வேண்டாம். இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் ஆரம்பித்தது, ஞாபகம் இருக்கும். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடி, எழுத்தையே மறந்துபோன பிள்ளைகளுக்கு மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், மாநிலம் முழுக்க ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். மாதம் 1000 ரூபாய். அதில் பல பேர் பட்டம் முடித்து வீட்டில் இருந்தவர்கள், கல்யாணமாகி வந்த ஊரில் யாருக்கும் பெயர்கூடத் தெரியாதவர்கள். அந்த வகுப்புக்கு அப்புறம்தான் தெருவில் ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இவர்களுக்கு ஷீல்டு எதற்கு? தலைமையாசிரியரிடம் பேசி, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை, இன்ன வகுப்புப் பிள்ளைகள் இத்தனை பேருக்கு, இன்ன பாடம் சொல்லிக்கொடுத்தார் என்று லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். நாளைக்கு ஒரு தனியார் பள்ளியில் வேலை கேட்கப் போனால் நீட்ட ஒரு தாள் கையில் இருக்கும்.

பெரிய விருதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்ம விருதுக்கு 2016லிருந்து யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் இணையத்தில் பரிந்துரைக்கலாம். அதற்கு அப்புறம்தான் நமக்குத் தெரியாத பெயர்கள் அதில் நிறைய வர ஆரம்பித்தன. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023ல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். 2017லேயே மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள் அவர்களை. வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிற விஷத்தில் இருந்துதான் இந்த நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. வயலில் கடிபட்டு ஊசி போட்டுப் பிழைத்தவர் எத்தனை பேருக்கு இது தெரியும்? பத்ம பரிந்துரைக்கு அதிகபட்சம் 800 வார்த்தையில் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும். பாம்பு பிடிக்கிறவர், ஏரி காக்கிறவர் உட்கார்ந்து அதை எழுதமாட்டார். அந்த வேலையை உங்கள் மன்றம் எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 15ல் மாநில அரசு தருகிற முதலமைச்சரின் இளைஞர் விருது, கல்பனா சாவ்லா விருது எல்லாவற்றுக்கும் இதே கதைதான், எழுதிக்கொடுக்க ஓர் ஆள் இல்லாமலே பல பேர் தவறிப்போகிறார்கள்.

ஆனால் விருதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்களிடம் நான் மதுரை சின்னப்பிள்ளை அம்மாவைத்தான் சொல்வேன். களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களில் பெண்களைச் சேர்த்து, கந்துவட்டியிலிருந்து வெளியே கொண்டுவந்தவர். முன்பு ஒரு விருது கொடுத்த மேடையில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், நாடே பார்த்தது. 2019ல் பத்மஸ்ரீ. அப்படிப்பட்டவர் வீட்டுத் திட்டத்தில் தனக்கு வீடு கிடைக்கவில்லை என்று 2024ல் பத்திரிகைக்காரர்களிடம் சொல்ல வேண்டி வந்தது. அது செய்தியான பிறகுதான் மாநில அரசு வீடு கட்டித்தருவதாக அறிவித்தது. இத்தனை வருஷம் அவரைக் கூப்பிட்டு மாலை போட்ட கூட்டங்களில் ஒருவராவது ‘அம்மா, வீடு எப்படி இருக்கு’ என்று கேட்டிருந்தால் அவருக்கு அந்த நிலை வந்திருக்காது. எனக்கு இதில் இன்னும் ஆறவில்லை.

எப்படி என்பதற்கு என் யோசனை: மண்டபத்தை விட்டுவிடுங்கள். கிராம சபையைப் பிடியுங்கள். 2022லிருந்து வருஷத்துக்கு ஆறு முறை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் நடத்தினாலும் தனி அலுவலர் நடத்தினாலும், தீர்மானம் போட்டால் அது ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் நிற்கும். ஏரிக்கரைப் பெரியவர் பெயரை, அவர் செய்ததைச் சொல்லி, நன்றித் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கரையில் எந்த இடத்தில் நண்டு வளை விழுந்து கசியும், மதகை எவ்வளவு தூக்கினால் எந்த வாய்க்கால் வரை தண்ணீர் போகும், கோடி போகிற அளவு வருவதற்கு எத்தனை மணி நேரம் முன்னால் மணல் மூட்டை அடுக்கணும் என்று அவருக்குத் தெரிந்ததையெல்லாம் உங்கள் மன்றத்துப் பையன்கள் இரண்டு பேர் அவரோடு கரையில் நடந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், போனில் வீடியோவும் எடுத்துக்கொள்ளட்டும். அரசுத் துறைக் கோப்பில் இருக்காத விஷயம் அதெல்லாம். அப்படி ஒரு நாள் அவர் பின்னால் இரண்டு இளைஞர்கள் நடந்தால் அவர் ‘எனக்கு எதுக்குப்பா’ என்று சொல்லமாட்டார், பேச ஆரம்பித்துவிடுவார். நாற்பது பேர் என்ற எண்ணிக்கையும் வேண்டாம். இந்த வருஷம் ஐந்து பேரை உருப்படியாகத் தெரிந்துகொண்டால் போதும்.

எம்.எல்.ஏ., கலெக்டர் வந்தால் வரட்டும். வந்தால் கீழே ஜனங்களோடு உட்கார்ந்து கேட்கட்டும், பேசுவது பக்கத்து வீட்டுக்காரராக இருக்கட்டும். அந்த அம்மா கூடப் போய்ப் பிரசவம் ஆன பெண்ணே கைக்குழந்தையோடு எழுந்து நின்று, அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று நாலு வார்த்தை சொல்லட்டும். அந்த அம்மா மேடையே ஏற விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், போட்டோவும் அவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். நன்கொடை கொடுத்தவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள், அவர்கள் சம்மதம் இல்லாமல் மாற்ற வேண்டாம். அப்புறம் அந்த ஐந்து பேரிடம் தனித்தனியாகப் போய், உங்கள் வேலைக்கு என்ன குறை என்று கேளுங்கள். பெரியவருக்கு நல்ல டார்ச்சும் மழைக்கோட்டும் கம்பூட்ஸும் தேவைப்படலாம், கரையில் பாம்பு இருக்கும். அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சியோடு 108ல் போய்விடுவார், விடிகாலையில் திரும்பி வர ஆட்டோவுக்குக் கைக்காசு போடுகிறாரா என்று விசாரியுங்கள். அன்றைக்குப் போன கூலியும் அவருக்கு நஷ்டம்தான். ஊரில் ஒரு ஆட்டோக்காரரோடு பேசி மாதக் கணக்கு வைத்து மன்றமே கொடுத்துவிடலாம். வருஷம் முழுக்க ஓடினாலும் மண்டப வாடகையை விடக் குறைவாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். கணக்கை எழுதி கிராம சபையிலேயே வாசித்துவிடுங்கள்.

நோட்டில் எழுதியதில் முதல் ஆளைப் பற்றி எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். பெரியவர் சம்மதித்தால் இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா