2.8 ஜிபிஏ-வுடன் அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

பத்தாண்டு மென்பொருள் பணிக்குப் பின் மருத்துவம் படிக்க விரும்பும் நீங்கள், 120 கிரெடிட்டில் (பாட அளவின் அலகு) பெற்ற 2.8 ஜிபிஏ-வை, அதாவது 4.0-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரியை, உயர்த்த வழி கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கிரெடிட்டை ஜிபிஏ-வால் பெருக்கினால், இப்போது உங்களிடம் 336 புள்ளிகள் உள்ளன. இன்னும் 40 கிரெடிட் படித்து அனைத்திலும் ஏ (கிரெடிட்டுக்கு 4 புள்ளி) வாங்கினாலும் மொத்தம் 496 புள்ளிகள்தான், அதை 160-ஆல் வகுத்தால் 3.1 வரும். ஒன்றரை ஆண்டு உழைப்புக்கு இது சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், பட்டத்துக்குப் பிந்தைய இளநிலைப் பாடங்களைத் தனி வரிசையிலும், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றின் சராசரியைத் தனியாகவும் காட்டுவதால், தேர்வுக் குழுவினர் பழைய சறுக்கலுக்குப் பக்கத்திலேயே புதிய 4.0-வையும் பார்ப்பார்கள். எனவே கரிம வேதியியல், உயிர்வேதியியல் போன்ற கடினமான பாடங்களையே எடுங்கள். முதுநிலைப் பட்டத்தின் மதிப்பெண் இளநிலைச் சராசரியோடு சேராது என்பதால், அதை இதற்கு மருந்தாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை; இரண்டுமே கணக்கில் வரும். பழைய மதிப்பெண்ணுக்குப் பதில் புதியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் சலுகையை டி.ஓ. கல்லூரிகள் (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தருபவை) தந்தன; அதுவும் 2017-இல் முடிந்துவிட்டது.

டெக்சாஸில் குடியிருப்போருக்கு மட்டும், பத்தாண்டுக்கு மேற்பட்ட பாடங்களை விலக்கச் சொல்லும் சட்ட வசதி உண்டு. ஆனால் அதைத் தேர்ந்தால் அக்காலத்து நல்ல மதிப்பெண்களும் சேர்ந்தே போய்விடும்.