ஆன்டெனாவை அறுக்கும் பையனை என்ன படிக்க வைக்கலாம்?

வணக்கம் அம்மா. பிளஸ் ஒன் படிக்கும் மகன் மொட்டை மாடியில் கிடந்த பழைய டிவி ஆன்டெனாவை ஹாக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டே இருக்கிறான், எல்லாவற்றையும் காயலான் கடையில் போட்டுவிடலாமா என்று கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். போட்டுவிடாதீர்கள். அவன் செய்வது ரேடியோ அலைப் பொறியியலின் முதல் பாடம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், 60 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்த டிவி சேனலுக்கான யாகி ஆன்டெனாவை (ஒரு தண்டில் வரிசையாகக் கம்பிகள் பொருத்தியது) 145 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றுகிறான். உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களின் அலைவரிசைப் பட்டை அது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் ரேடியோ ஒலியும் 145.800இல் கேட்கும். அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும். 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணான 145ஆல் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 2.07 மீட்டர். அதில் பாதியை எடுத்து, இன்னும் கொஞ்சம் கழித்து, கேபிள் இணையும் நடுக்கம்பியை 98 சென்டிமீட்டர் அளவில் அறுக்க வேண்டும். பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டர் அதைவிடச் சற்று நீளம், முன்னால் நிற்கும் டைரக்டர் சற்றுக் குட்டை. கம்பியை அறுத்த பலர் கம்பிகளுக்கு இடையிலான இடைவெளியைப் பழையபடியே விட்டுவிடுவார்கள். அதையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். டிவி ஆன்டெனாவின் கம்பிகள் படுக்கையாக இருக்கும். இந்தப் பட்டையில் எஃப்எம்மில் பேசுபவர்கள் பெரும்பாலும் செங்குத்தாக வைப்பார்கள். அதற்கேற்பச் செங்குத்தாகத் திருப்பி மாட்டாவிட்டால் சிக்னல் வெகுவாகக் குறையும்.

இன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவனிடம் ஒன்று கேளுங்கள்: "இடைவெளியை எவ்வளவு வைத்தாய், ஏன்?" கணக்கோடு விளக்கினால் பிளஸ் டூ முடித்து பி.இ. இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்புப் பொறியியல்) தாராளமாகச் சேர்க்கலாம். கணக்கைவிடக் கைவேலையில்தான் மனம் நிற்கிறது என்று தெரிந்தால் பாலிடெக்னிக்கில் இசிஇ டிப்ளமோ படிக்கட்டும். பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படிப்பவன் என்றால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். வேலைக்கு இஸ்ரோ, பாரத் எலெக்ட்ரானிக்ஸ், மொபைல் நெட்வொர்க் நிறுவனங்கள் எல்லாம் ஆன்டெனா தெரிந்தவர்களைத் தேடுகின்றன.

நீலகிரியில் இருந்துகொண்டு இந்தப் படிப்பு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஊட்டியை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இயங்கிவருகிறது. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவானது. மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையான சுமார் 11 டிகிரிக்குப் பொருந்திவந்ததால்தான் அங்கே அமைத்தார்கள். தொலைநோக்கி சுழலும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருப்பதால், அதை மெதுவாகச் சுழற்றினாலே ஒரு விண்மீன் மண்டலத்தை மணிக்கணக்கில் தொடரலாம். டைபோல் எனப்படும், அரை அலைநீள அளவுள்ள 1,056 கம்பி ஆன்டெனாக்கள் 326.5 மெகாஹெர்ட்ஸில் சிக்னலை வாங்குகின்றன. உங்கள் மகன் அளந்து அறுக்கும் நடுக்கம்பியும் டைபோல்தான். முன்கூட்டியே அனுமதி கேட்டு அவனை ஒருமுறை அழைத்துப்போங்கள். அதைப் பார்த்துவிட்டு இயற்பியல்தான் வேண்டும் என்றால், ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. இருக்கிறது.

கண்டிப்பாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. ரேடியோவைக் கேட்பதோடு நிற்கட்டும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பினால் சட்டப்படி குற்றம், வாக்கி-டாக்கி வாங்கித் தராதீர்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அமெச்சூர் ரேடியோ (அதாவது ஹாம் ரேடியோ) உரிமத் தேர்வை 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் கோடு (புள்ளி, கோடுகளால் செய்தி அனுப்பும் முறை) தேவையில்லை. அதற்குப் படிக்கும் மின்னியல் பிளஸ் டூ இயற்பியலுக்கும் உதவும். மின்கம்பி போகும் பக்கம் ஆன்டெனா கம்பத்தை நிறுத்தவே கூடாது, இடி மின்னல் நேரத்தில் மாடிக்குப் போகவும் கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஞாயிறு மதியம் முழுக்க அவனுக்கு விட்டுவிடுங்கள், மற்ற நாட்களில் பாடம். அறுத்த அளவு, வைத்த இடைவெளி, கேட்ட சிக்னல் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிப்ரவரி பிறந்ததும் முழுஆண்டுத் தேர்வு முடியும்வரை ஹாக்ஸா பிளேடு உங்கள் அலமாரியில் இருக்கட்டும்.