1964 லிங்கன் கான்டினென்டல்: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். பழைய லிங்கன் கான்டினென்டல் கன்வர்டிபிள் (கூரை மடியும் கார்) ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நியூயார்க்கில் ஒரு புரோக்கர் 1964 வண்டி ஒன்றைக் காட்டினார். "61-லிருந்து 69 வரை ஒரே தலைமுறைதான், எந்த வருட கன்வர்டிபிளை எடுத்தாலும் ஒன்றுதான், ரிப்போர்ட்டும் க்ளீன்" என்கிறார். ஆனால் வண்டிக்கு டைட்டில் (மாநில அரசு தரும் உரிமைப் பத்திரம்) இல்லையாம். 1,000 டாலர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஒரே தலைமுறை என்று அவர் சொன்னது உண்மை. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்பது உண்மை இல்லை.

கான்டினென்டலின் கதை 1939-ல் ஃபோர்டு நிறுவனத் தலைவர் எட்செல் ஃபோர்டு தன் ஃப்ளோரிடா விடுமுறைக்காகச் செய்யச் சொன்ன ஒரே ஒரு வண்டியில் தொடங்குகிறது. பிறகு வந்த 12 சிலிண்டர் வண்டிகள், 1956-ல் 10,000 டாலர் அளவுக்கு விற்ற மார்க் 2, அதற்கு அடுத்த ராட்சத வண்டிகள், 2002-ல் நின்று 2017-ல் திரும்பி 2020-ல் முடிந்தவை எல்லாம் உங்களுக்கு இப்போது தேவையில்லை. நீங்கள் ஆசைப்படுவது எல்வுட் எங்கல் வரைந்து 1961-ல் வெளிவந்த உருவம். பின்கதவின் கீல் பின்பக்கம் இருப்பதால் இரண்டு கதவுகளும் எதிரெதிராகத் திறக்கும்.

இதற்குள்ளும் வித்தியாசங்கள் உண்டு. 1964-ல் சக்கர இடைவெளி 123 அங்குலத்திலிருந்து 126 ஆனது. கூடிய மூன்று அங்குலம் பின்சீட்டில் கால் நீட்ட உதவியது. 1965-ல்தான் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. 5,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டி இது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகப்போகிறவர் என்றால், என் யோசனை 1965. அதற்காக 64 கெட்ட வண்டி என்று அர்த்தமில்லை. 1966-ல் வண்டி இன்னும் பெரிதானது, எஞ்சினும் 430 கன அங்குலத்திலிருந்து 462 ஆனது. கன்வர்டிபிள் 1967-ஓடு நின்றுவிட்டது. 68, 69-ல் தொழிற்சாலையிலிருந்து கன்வர்டிபிளே வரவில்லை. புரோக்கருக்கு இதுகூடத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

அடுத்தது அந்த 'க்ளீன் ரிப்போர்ட்'. இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். வண்டி எண்ணைப் போட்டு விபத்து வரலாறு பார்க்கும் முறை, 1981-ல் எல்லா வண்டிக்கும் 17 இலக்க எண் கட்டாயமான பிறகு வந்தவற்றுக்குத்தான் உதவும். உங்கள் வண்டியின் எண்ணில் 11 இலக்கம்தான். அதைப் போட்டால் ஒன்றும் வராது. ஒன்றும் வராததைத்தான் 'க்ளீன்' என்று விற்கிறார்கள்.

மூன்றாவது, டாப், அதாவது மடியும் கூரை. சுவிட்சை அழுத்தினால் டிக்கி மூடி முன்பக்கத்திலிருந்து எழும்பும், டாப் மடிந்து உள்ளே போகும், மூடி இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அசைவும் முடிந்ததை ஒரு லிமிட் சுவிட்ச் சொன்னால்தான் அடுத்தது நகரும். ஒன்று சொதப்பினாலும் மூடி வானத்தைப் பார்த்தபடி நின்றுவிடும். "ஒரு ரிலேதான் சார், சின்ன வேலை" என்பார்கள். அப்படிச் சொல்லி விற்ற ஒரு வண்டியின் டிக்கி ஓரத் தகட்டைப் போன வருடம் கழற்றிப் பார்த்தேன். இரண்டு ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை, தாண்டி ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். எனவே எஞ்சினை ஓடவிட்டு, சுவிட்சை நீங்களே அழுத்தி, மூன்று முறை முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். பின்கதவைத் திறக்கும்போது அதன் கண்ணாடி தானாகச் சற்று இறங்க வேண்டும். அதையும் பாருங்கள்.

அப்புறம், இதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. அடித்தகடே எலும்பு. லிஃப்டில் ஏற்றிக் கீழே நின்று துரு பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

டைட்டில் விஷயத்துக்கு வருகிறேன். டைட்டில் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். உங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 1972 அல்லது அதற்கு முந்தைய மாடலுக்கு டைட்டில் கிடையாது. விற்பவர் பெயரில் இருக்கும் மாற்றத்தக்க பதிவுச் சான்றுதான் அங்கே உரிமை ஆவணம். எனவே டைட்டில் இல்லை என்பது அங்கே குற்றம் இல்லை. ஆனால் அந்தச் சான்று கட்டாயம் இருக்க வேண்டும், நகல் போதாது. அதில் உள்ள பெயரும், அதில் கையெழுத்துப் போடுபவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். புரோக்கர் பெயரோ, "முந்தைய ஓனர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்" என்ற கதையோ செல்லாது. விற்பனைச் சீட்டும் தனியாக வாங்குங்கள். வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊர் எம்.வி.சி. (நியூஜெர்சி வாகனப் பதிவுத் துறை) அலுவலகத்தில் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி. ஒரே நாட்டில் ஒரு வண்டிக்கு ஒரே மாதிரிக் காகிதம் கொடுக்க ஏன் இத்தனை வருடமாக முடியவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

சரி, இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான். வண்டி எண் தகட்டையும் பதிவுச் சான்றையும் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண் 4 என்று தொடங்கினால் 1964. அடுத்த எழுத்து 'ஒய்', மிச்சிகன் விக்ஸம் தொழிற்சாலை. அதற்கடுத்து 86 என்றால் கன்வர்டிபிள், 82 என்றால் செடான். பிறகு 'என்' என்றால் 430 எஞ்சின். சான்றில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து இதேதான் இருக்க வேண்டும். படம் அனுப்பத் தயங்கினால் வண்டியைப் பார்க்க நியூயார்க் போகவே வேண்டாம்.