வெண்கல வட்டைக் காட்டி லண்டனில் பணம் வாங்க முடியுமா?

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் 1917-இல், முதல் உலகப் போரில், மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்தவர். அவர் பெயர் பொறித்த பெரிய வெண்கல வட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. பதவி எதுவும் அதில் இல்லை. அதைக் காட்டி லண்டனிலிருந்து நிவாரணம் வாங்கித் தர ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வேலூர் மாவட்ட வாசகி)

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். வட்டையும் கொடுக்காதீர்கள். ‘சரிபார்த்துத் தருகிறேன்’ என்று வாங்கிப் போனவர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவு வட்டு அது. சுமார் 12 சென்டிமீட்டர் அகலம். பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா நிற்பாள், பக்கத்தில் சிங்கம். 13 லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள். இரங்கல் சொல்ல வந்த பொருளே தவிர, பணம் கோரும் பத்திரம் அல்ல. பதவி இல்லாததால் போலி என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள், ஏமாறாதீர்கள். சாவில் தளபதியும் சிப்பாயும் ஒன்று என்றுதான் பதவியை விட்டார்கள்.

தரகர் உங்களுக்குக் காட்டப்போகும் ‘லண்டன் ஆவணம்’ காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைப்பது. வட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே தட்டித் தேடுங்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பார். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் இருக்கும்.

உங்களுக்குத் தேவைப்படாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போர் 1918 நவம்பரில் முடிந்ததால் 1919-இல் முகாமில் காய்ச்சலில் இறந்தவர் கணக்கில் வரமாட்டார் என்று பலர் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். வருவார். படையில் இருக்கும்போதே இறந்திருந்தால், 1921 ஆகஸ்ட் 31 வரை அந்த ஆணையத்தின் பட்டியலில் இடம் உண்டு. போர்க்களத்தில் குண்டு பட்டிருக்க வேண்டியதில்லை.

மெசபடோமியாவில் இறந்தவர்களுக்கான பாஸ்ரா நினைவகத்தில் வெள்ளையர் பெயர்களைச் செதுக்கினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். நூறாண்டு கழித்து, 2021-இல், ஆணையம் மன்னிப்புக் கேட்டது. அதற்கும் ஓர் அறிக்கை வேண்டியிருந்தது! உங்கள் பெரிய தாத்தாவின் பெயர் உலோகத்தில் இருக்கும் ஒரே இடம் உங்கள் வீட்டு வட்டாகவே இருக்கலாம்.

அதனால் குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உலர்ந்த துணி போதும். சுவரில் மாட்ட ஆணித் துளையும் வேண்டாம், மரச்சட்டம் செய்துகொள்ளுங்கள்.