பாறை இடுக்கு பைன் மரத்தை எடுத்து போன்சாய் ஆக்கலாமா?

கேள்வி: கொலராடோவில், டென்வருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். மலைக்குப் போனபோது பாறை இடுக்கில் முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பைன் மரத்தைப் பார்த்தேன். பார்த்தால் ரொம்ப வயசான மரம், ஆனால் இடுப்பு உயரம்கூட இல்லை. அதை எடுத்து வந்து போன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம், ஆக்கலாமா? எப்போது எடுப்பது, எந்தத் தொட்டியில் வைப்பது, கிளைகளை வளைத்து உருவாக்க எப்போது கம்பி கட்டுவது?

எடுக்கலாம், ஆனால் கடப்பாரைக்கு முன்னால் அனுமதிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். ராக்கி மவுண்டன் போன்ற தேசியப் பூங்காவுக்குள் ஒரு செடியைக்கூடப் பிடுங்கக் கூடாது. தேசியக் காடுகளின் கதை வேறு. அங்கே பல ரேஞ்சர் (வனக்காவல்) அலுவலகங்களில் மரத்தை வேரோடு எடுத்துப்போகக் கட்டணம் வாங்கிக்கொண்டு சீட்டு தருகிறார்கள், எந்தப் பகுதியில், எந்தக் காலத்தில், எவ்வளவு உயரம் வரை எடுக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால் மரம் நிற்கும் இடத்தைச் சொல்லி போனில் கேட்டுவிடுங்கள். தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அது என்ன மரம் என்று பாருங்கள். ஒரு கொத்தில் மூன்று ஊசியிலை, சில கொத்தில் இரண்டு, நீளம் ஏறக்குறைய அரைச் சாண் என்றால் பாண்டரோசா பைன். போன்சாய்க்கு அருமையான மரம், கிளைகள் நன்றாக வளைந்து கொடுக்கும். ஐந்து ஊசி இருந்து அதில் வெள்ளைப் பிசின் புள்ளிகள் தெரிந்தால் பிரிஸில்கோன் பைன். அது மிக மிக மெதுவாக வளரும் மரம், அதை அங்கேயே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இப்போது முக்கியமான விஷயம், வேர். தண்டின் முறுக்கைப் பார்த்து மயங்கித்தான் பலரும் மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் மரம் பிழைக்குமா என்பதை வேர்தான் முடிவு செய்கிறது. அடித்தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பாறைக் குழிக்குள் சேர்ந்த கொஞ்சம் மண்ணிலும் உதிர்ந்த ஊசிச் சருகிலுமே வேர் முழுக்கச் சுருண்டு கிடந்தால், மரம் தன் மண்ணோடு சேர்ந்து மொத்தமாக அசையும். அந்த மாதிரி மரத்தைக் குழியிலிருந்து அப்படியே கிளப்பி எடுக்க முடியும். தண்டு மட்டும் வளைந்து அடி அசையவே இல்லை என்றால், வேர் பாறைப் பிளவுக்குள் எங்கோ தூரமாக ஓடியிருக்கிறது, சல்லிவேர் எல்லாம் அந்தக் கோடியில்தான் இருக்கும், வெட்டி எடுத்தால் உங்கள் கையில் வருவது வெறும் கட்டைவேர். அப்படிப்பட்ட மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேல் காற்றிலும் பனியிலும் நின்ற மரமாக இருக்கலாம், அதை ஒரே மதியத்தில் கொல்ல நமக்கு உரிமை இல்லை.

எடுக்க நல்ல நேரம் வசந்தத்தின் ஆரம்பம், மண்ணில் உறைபனி விட்டு, மொட்டு பருக்க ஆரம்பித்து ஆனால் இன்னும் நீளாமல் இருக்கும்போது. தாய்மண்ணை உதறவே உதறாதீர்கள். பைன் வேரோடு வெள்ளை நூல் மாதிரி ஒரு பூஞ்சை ஒட்டி வாழ்கிறது, வேருக்குத் தண்ணீரும் சத்தும் உறிஞ்சித் தருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, மண்ணைக் கழுவி வேரை அம்மணமாக்கினால் அதுவும் போய்விடும், மரமும் போய்விடும். எடுத்த உடனே ஈரச் சாக்கில் இறுக்கிக் கட்டி, வெயிலும் காற்றும் படாமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கிளைகளையும் வெட்ட வேண்டாம், புது வேர் விடத் தூண்டும் ஹார்மோன் நுனி மொட்டிலும் ஊசியிலையிலும் இருந்துதான் இறங்குகிறது.

தொட்டி இப்போதைக்கு வேண்டாம். வேரும் தாய்மண்ணும் சேர்ந்த கட்டியைவிடச் சற்றே பெரிய மரப்பெட்டி ஒன்றை ஆணியடித்துச் செய்துகொள்ளுங்கள், அடியில் தாராளமாக ஓட்டை போட்டுக் கம்பிவலை வையுங்கள். சுற்றி நிரப்ப சல்லடையில் தூசி போகச் சலித்த ப்யூமிஸ், அதாவது எரிமலை நுரைக்கல், அது மட்டும் போதும். தோட்டத்து மண் போட்டால் அடைத்துக்கொண்டு வேருக்குக் காற்று கிடைக்காது. குச்சியால் குத்திக் குத்தி இடைவெளி இல்லாமல் நிரப்பி, மரத்தைப் பெட்டியோடு கம்பியால் அசையாமல் கட்டுங்கள். மரம் காற்றில் ஆடினால் புதிதாக வரும் சல்லிவேர் அறுந்துவிடும், நிறைய மரங்கள் சாவது இந்த ஒரு காரணத்தால்தான்.

காலை வெயில் கிடைக்கும், காற்று அடிக்காத இடத்தில் வையுங்கள். ஊசிகள் மேல் அவ்வப்போது தண்ணீர் தெளிக்கலாம், ஆனால் பெட்டியில் மேல்மண் காய ஆரம்பித்த பிறகுதான் ஊற்ற வேண்டும். பழைய மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், சுற்றியுள்ள ப்யூமிஸ் சீக்கிரம் காயும், அதனால் விரலை விட்டு நடுவிலுள்ள பழைய மண்கட்டியையும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பைன் செத்த பிறகும் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பச்சை இருக்கிறதே என்று நம்பாதீர்கள், மொட்டு நீண்டு புது ஊசி விரிகிறதா என்று பாருங்கள்.

கிளையை வளைக்கும் கம்பி? குறைந்தது இரண்டு மூன்று வருஷம் கழித்து, வளர்ச்சி வேகம் பிடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, இலையுதிர் காலத்தில். அந்த வருஷமே தொட்டியும் மாற்றிக் கம்பியும் கட்டக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். முதல் தடவை தொட்டி மாற்றும்போதும் பழைய மண்ணில் ஒரு பாதியை மட்டும் எடுங்கள், மறுபாதி அடுத்த முறைக்கு.

ஜப்பானியக் கருப்பு பைனுக்குக் கோடையில் புதுத் தளிரை முழுக்கக் கிள்ளுவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அந்த மரம் அதே வருஷம் இன்னொரு முறை தளிர்க்கும். பாண்டரோசா வருஷத்துக்கு ஒரு முறைதான் தளிர்விடும், அதே வேலையை இதில் செய்தால் மரம் இளைத்துப்போகும். ஊசியின் நீளம் தானாகவே குறையும், தொட்டியில் வேர் நிறைந்து, வசந்தத்தில் உரத்தை நிறுத்தி வைத்தால் போதும்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், இதற்குக் குளிர் உறக்கம் கட்டாயம். பெட்டியை மட்டும் தரையில் இறக்கி, சுற்றிலும் மரச்சீவலைக் குவித்து வேரைக் காப்பாற்றுங்கள். நடுக்குளிரில் உங்கள் ஊரில் திடீரென்று வெப்பமாக அடிக்கும் சினூக் காற்று ஊசியை உலர்த்தும், வேர் உறைந்திருந்தால் மரத்தால் தண்ணீர் இழுக்க முடியாது, அதனால் காற்றுக்கு மறைப்பும் கட்டி, பனி உருகிய நாட்களில் கொஞ்சம் தண்ணீரும் விடுங்கள்.