பத்தாவது வருடத்துக்கு ஒரு காப்பு

கேள்வி: வணக்கம் அக்கா. நான் திருகோணமலையில், பாலையூற்றில் இருக்கிறேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் அறைகளை ஒழுங்கு செய்யும் ரூம் பாய் வேலை. ஹனிமூனுக்கு வரும் சோடிகளின் கட்டிலில் துவாயை அன்னமாக மடித்து, செவ்வரத்தம்பூவால் இதயம் போட்டு வைப்பதும் என் வேலைதான். வரும் ஆவணியில் எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம். மனைவிக்கு நான் ஒரு நாளும் இப்படி ஒரு பூ வைத்ததில்லை. அவள் நாலரைக்கே எழும்பிப் புட்டு அவித்து, மத்தியானச் சாப்பாடும் கட்டித் தந்து என்னை முதல் பஸ்ஸுக்கு அனுப்புகிறவள். பகலில் சட்டை தைக்கிறாள். 2022இல் எனக்கு வேலை இல்லாதபோது, நான் கேட்காமலே தன் இரண்டு காப்பையும் தந்தாள். இறுகிக் கிடந்ததால் சவர்க்காரம் போட்டுத்தான் கழற்றினாள். இரண்டும் இன்னும் அடைவில். தனித்தனிச் சீட்டு, ஒவ்வொன்றும் 90,000 ரூபாய், இப்போது வட்டி 18 வீதம். கடைசியாகச் சித்திரையில் வட்டி கட்டித் திருப்பி வைத்தேன். விருந்தினர் பில்லில் சேர்த்து எங்களுக்குப் பிரித்துத் தரும் சேர்விஸ் சார்ஜ் காசில் அவளுக்குத் தெரியாமல் 120,000 சேர்த்திருக்கிறேன். ஒரு பைனான்ஸ் கம்பனியில் 300,000 தருகிறார்களாம், 14 வீதம், மூன்று வருடம். அதை எடுத்து ஒரு நெக்லஸும், நல்ல ஹோட்டலில் இரண்டு நாளும் என்று நினைத்திருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எடுக்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நெக்லஸ் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. தங்கச்சி எழும்பும் நேரம், தைக்கிற சட்டை, சவர்க்காரம் போட்டுக் காப்புக் கழற்றியது எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். என்ன கொடுக்கலாம் என்பதையும் நீங்களே எழுதிவிட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தக் காப்பில் ஒன்றை மீட்டுக் கொடுங்கள். கடன் எடுக்க வேண்டாம்.

முதலில் அந்த 14 வீதத்தைப் பார்ப்போம். இது அநேகமாகப் பிளாட் வட்டியாகத்தான் இருக்கும். அதாவது மூன்று வருடமும் முழு 300,000க்கும் வட்டி போடுவார்கள். வருடம் 42,000, மூன்று வருடத்துக்கு 126,000. மொத்தம் 426,000ஐ 36 மாதத்தால் பிரித்தால் மாதம் 11,833 ரூபாய். நீங்களோ மாதா மாதம் முதல் தொகையையும் சேர்த்துத்தான் திருப்பிக் கட்டுகிறீர்கள். இரண்டாம் வருடத்தின் நடுவில் பாதி முதல் கட்டி முடிந்திருக்கும், ஆனால் வட்டி மட்டும் முழுத் தொகைக்கே ஓடிக்கொண்டிருக்கும். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஏறக்குறைய 24 வீதம். யாராவது வட்டி சொன்னால், ‘பிளாட்டா, குறைந்துவரும் மீதிக்கா?’ என்று கேளுங்கள். அதைக் கேட்டாலே பேச்சு மாறும்.

அந்த 126,000 வட்டி, ஒரு காப்பை மீட்கத் தேவையான காசை விடக் கூட. அதை நினைத்தால் எனக்கு மனது ஆறவில்லை.

நெக்லஸிலும் ஒரு விஷயம் இருக்கிறது. புதுநகை வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் சேர்த்துத்தான் காசு கொடுப்பீர்கள். நாளைக்கு ஒரு அந்தரத்துக்கு அதை அடைவு வைக்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் மதிப்பு. தங்கச்சியின் காப்புக்கு அந்தக் கூலியெல்லாம் எப்போதோ கொடுத்தாயிற்று. பவுன் விலையும் 2022இல் இருந்ததற்கு இப்போது எவ்வளவோ ஏறிவிட்டது. அந்த 90,000க்கு இன்று அப்படி ஒரு காப்பு வாங்க முடியாது. ஒரு வருடம் வட்டி கட்டத் தவறி ஏலத்துக்குப் போனால் இழப்பது சின்னத் தொகையில்லை. அடைவு வைத்த இடத்தில், ‘இப்ப விலை கூட, இதே காப்புக்கு இன்னும் காசு எடுக்கலாம்’ என்றும் சொல்லக்கூடும். அதற்குத் தலையாட்டாதீர்கள்.

இனி, தங்கச்சிக்குச் சொல்லாமல் கடன் எடுப்பது. இப்படியான கடனுக்குப் பிணையாளர் கேட்பார்கள். பல இடங்களில் மனைவியின் கையொப்பத்தையும் கேட்பார்கள். அதனால் இந்த இரகசியம் ஆவணி வரைக்கும் தாங்குமா என்பதே சந்தேகம். தாங்கினாலும் வேண்டாம் என்பேன். ஏனென்று சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம், என் பிறந்தநாளன்று இவர் ஒரு பிரிட்ஜ் கொண்டுவந்து வீட்டில் இறக்கினார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஐந்தாம் மாதம், நல்ல வெயில் நேரம், ஒரு பொடியன் கையில் பைலோடு படலையடியில் வந்து நின்றான். ‘அம்மா, ஐயா ரெண்டு தவணை கட்டேல்லை’ என்றான். அந்தப் பிரிட்ஜிலிருந்தே ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து அவனுக்குக் குடிக்கக் கொடுத்தேன். காசுக்காக எனக்குக் கோபம் வரவில்லை. தவணைக்கு வழி தேடி அந்த மனுசன் எத்தனை இரவு நித்திரையில்லாமல் கிடந்திருப்பார், பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் அழுதேன். அதற்குப் பிறகு சம்பள நாளில் அவர் செய்வது ஒன்றுதான். வந்து கால் கழுவிவிட்டு, சம்பளச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைப்பார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து இருப்பேன். இருவருமாகப் பார்ப்போம். எனக்கு அவர் தந்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது அந்தச் சீட்டைத்தான்.

நீங்கள் 120,000 சேர்த்ததை மறைத்தது பிழையா என்று யோசிக்காதீர்கள். சந்தோசத்துக்காகச் சேர்த்த காசை நாள் வரும்வரை ஒளித்து வைக்கலாம். இரண்டு பேரும் கட்டவேண்டிய கடனை ஒருநாள் கூட ஒளிக்கக்கூடாது.

சரி, கணக்கு. சித்திரையில் திருப்பி வைத்ததால் ஆவணிக்கு நான்கு மாத வட்டி. 90,000க்கு 18 வீதப்படி அது 5,400. ஆக ஒரு காப்பை மீட்க 95,400 ரூபாய். கையில் 24,600 மிஞ்சும். அதில் ஆறாயிரம் வரை அந்த நாளுக்குச் செலவழியுங்கள், மிச்சத்தைத் தொடாதீர்கள். ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றும் மழையும், நிலாவெளியில் அறைகள் காலியாகும், சேர்விஸ் சார்ஜ் சுருங்கும். அது என்னை விட உங்களுக்கே நன்றாகத் தெரியும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை என்று ஹோட்டல் வேலைக்காரர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பெட்டிக்குள் பதினெட்டாயிரமாவது இல்லாமல் மழைக்காலத்துக்குள் போகவேண்டாம்.

முக்கியமான ஒன்று. அடைவுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். நகையை மீட்க, வைத்தவர்தான் சீட்டோடும் அடையாள அட்டையோடும் போகவேண்டும். உங்கள் பெயரில் என்றால் ஒரு லீவு நாளில் போய் எடுத்து வரலாம். தங்கச்சியின் பெயரில் என்றால் அவ வராமல் கொடுக்கமாட்டார்கள், இல்லாவிட்டால் அவவின் கையொப்பத்தோடு எழுத்தில் அனுமதி கேட்பார்கள். அப்படியானால் சப்ரைஸை அந்தக் கவுண்டரிலேயே வையுங்கள். ‘வட்டி கட்டவேணும், நீரும் வாரும்’ என்று கூட்டிக்கொண்டு போங்கள். கடதாசி உறையைப் பிரித்துக் காப்பை மேசையில் வைக்கும்போது தங்கச்சியின் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

அந்த நாளைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, அது உங்கள் தொழில். ஆனாலும் ஒரு ஆசை. ஊர் பேர் தெரியாத எத்தனையோ சோடிகளுக்கு அன்னம் மடித்த கை, ஒருதரம் உங்கள் வீட்டுத் துவாயிலும் மடிக்கட்டும். செவ்வரத்தை வேலியில் பூத்திருக்கும், காசில்லை. அன்று நாலரைக்கு நீங்கள் எழும்புங்கள், புட்டு குழைந்தாலும் பரவாயில்லை. பின்னேரம் கோட்டைக்குள்ளால் நடந்து, மான்களைப் பார்த்துக்கொண்டே கோணேசர் கோயிலுக்குப் போங்கள். திரும்பி வந்து டச்சுக் குடாக் கடற்கரையில் கடலை வாங்கிக்கொண்டு இருட்டும்வரை இருங்கள். ஹோட்டலில் இரண்டு நாள் தங்கிப் பார்க்கத் தங்கச்சிக்கு ஆசையிருந்தால், சீசன் முடிந்த பிறகு ஊழியருக்கு ஏதும் விலைக்கழிவு தருவார்களா என்று உங்கள் மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த வருடத்துக்கென்றாலும் கேட்டு வைப்பதில் தப்பில்லை.

இரண்டாவது காப்பை அன்றிரவே இருவருமாகப் பேசுங்கள், இதில் ஒளிப்பு மறைப்பு வேண்டாம். முதல் காப்பு வந்துவிட்டதால் வருடத்துக்கு 16,200 ரூபாய் வட்டி மிஞ்சும். பெரும்பாலான இடங்களில் முதல் தொகையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட விடுவார்கள், கேட்டால் சொல்வார்கள். கடனுக்கென்று மாதம் 11,833 கட்டத் துணிந்தீர்கள்தானே? மழைக்காலத்தில் இரண்டாயிரம், மூவாயிரம், சீசனில் பத்து, பதினைந்து என்று கட்டி வந்தால் அடுத்த ஆவணியை ஒட்டி அதுவும் வீட்டுக்கு வந்துவிடும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி ஏற்றியபோது அடைவு வட்டியும் ஏறியது, பிறகு இறங்கியது. வேறு வங்கிகளில் இன்று என்ன வட்டி என்று விசாரியுங்கள். 18ஐ விடக் குறைவாகக் கிடைத்தால், இரண்டாவதை மாற்றி வைப்பது இலாபம்.

இன்னொன்று தம்பி. கழற்றும்போதே சவர்க்காரம் தேவைப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். தையல் வேலை செய்கிற கை, இத்தனை வருடத்தில் இன்னும் கொஞ்சம் பருத்திருக்கும். காப்போடு ஒரு புதுச் சவர்க்காரமும் வாங்கிக் கிணற்றடியில் வையுங்கள்.