முதுமை நலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 72. ஓய்வு பெற்ற ஆசிரியர். இரவில் சிறுநீர் கழிக்க நான்கு முறை எழ வேண்டியிருக்கிறது. எழும்போது தலை கிறுகிறுக்கிறது. சென்ற மாதம் கழிவறை வாசலில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதிலிருந்து மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். இரத்த அழுத்தத்துக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மாலையானால் இரு கால்களும் சற்று வீங்கியிருக்கும். வயதாகிவிட்டால் இப்படித்தான் என்கிறான் என் மகன். உண்மைதானா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதிதான் உண்மை. எழுபதைக் கடந்தவர் இரவில் ஒரு முறை எழுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான்கு முறை எழுகிறார் என்றால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும். புராஸ்டேட் ஒரு காரணம். இன்னொன்று, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கால் வீக்கம். பகல் முழுவதும் உட்கார்ந்தும் நின்றும் இருக்கையில் கால்களில் தேங்கும் நீர், படுத்தவுடன் இரத்த ஓட்டத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் அதை நள்ளிரவில் வெளியேற்றுகிறது. ஆகவே மாலையில் தண்ணீரை நிறுத்திப் பயன் அதிகமில்லை. பிற்பகலில் ஒரு மணி நேரம் கால்களைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுத்திருந்தால், அந்த நீரில் ஒரு பகுதி தூங்கப் போகுமுன்னரே கழிந்துவிடும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கால் வீங்குவதுண்டு. இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் கோளாறாலும் வீங்கலாம் என்பதால், இதை மருத்துவரிடம் காட்டாமல் விடக்கூடாது. இரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிறுகிறுப்பின் கதை வேறு. படுத்திருப்பவர் எழுந்து நின்றால் ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. இளம் வயதில் இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி, இதயமும் சற்று விரைந்து துடித்து அதை ஈடுகட்டிவிடும். முதுமையில் இந்த ஏற்பாடு தாமதமாகிறது. புராஸ்டேட்டுக்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் இரத்தக் குழாய்களையும் ஓரளவு தளர்த்துகின்றன. போதாக்குறைக்கு நீங்கள் தண்ணீரையும் குறைத்துக்கொண்டீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடங்களுக்குள் மறுமுறையும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், மாத்திரைகளின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றக்கூடும். உட்கார வைத்து ஒரே முறை அளந்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் யாரும் தாமாக இதைச் செய்யமாட்டார்கள் என்பதால்தான் நீங்களே கேட்க வேண்டும் என்கிறேன். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வயது கூடக் கூடத் தாக உணர்வு மங்கிவிடுகிறது; தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் உடல் வறண்டுவிடும். தண்ணீருக்கு அளவு விதிக்கப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் நீங்கலாக மற்றவர்கள், காலையிலிருந்து மாலைக்குள் ஆறேழு தம்ளர் குடித்துவிடலாம். இரவு எழும்போது கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து முறை அசைத்துவிட்டு நில்லுங்கள். கழிவறை வரை சிறு விளக்கு எரியட்டும். வழுக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். சிறுநீரை உட்கார்ந்தே கழியுங்கள். கட்டிலருகே சிறுநீர்க் குடுவை வைத்துக்கொள்ள ஏனோ பலர் கூச்சப்படுகிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருப்பதால், எலும்பின் அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. அப்பா காலமானபின் எங்களுடன் இருக்கிறார். மூன்று வேளையும் ரசம் சாதம் அல்லது கஞ்சி போதும் என்கிறார். ஓராண்டில் எடை 52 கிலோவிலிருந்து 47-க்கு வந்துவிட்டது. வயதானவர்களுக்குக் குறைந்த உணவே நல்லது என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
(வாசகி, தாம்பரம்)

பதில்: உறவினர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். முயற்சி செய்யாமலே ஓராண்டுக்குள் எடை நூற்றுக்கு ஐந்துக்குமேல் குறைந்தால் மருத்துவப் பரிசோதனை தேவை. உங்கள் அம்மாவுக்கு நூற்றுக்கு ஏறத்தாழப் பத்து குறைந்திருக்கிறது. பொருந்தாத பல்செட், மலச்சிக்கல், தைராய்டு, சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் என்று பசியைக் கெடுப்பவை பல. துணையை இழந்தவருக்கு மனச்சோர்வும் இருக்கலாம். அது அழுகையாக வெளிப்படாமல், “எனக்கு வேண்டாம்” என்ற ஒரே சொல்லாகவும் வெளிப்படும். கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம் உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. அங்கே அழைத்துச் செல்லலாம்.

உணவு குறையலாம், புரதம் குறையக்கூடாது. முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு. ரசம் சாதத்தில் அது மிகக் குறைவு. ரசத்தை விடச் சொல்லி வம்புக்குப் போகாமல், அதிலேயே ஒரு கரண்டி வெந்த துவரம்பருப்பை மசித்து விடுங்கள். கஞ்சியில் பாசிப்பருப்பையும் பாலையும் சேருங்கள். முட்டை சாப்பிடுபவராக இருந்தால் ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் கிடைக்கும். ஒரு வேளையாவது வீட்டில் யாரேனும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டை அறைக்குள் கொண்டுபோய் வைப்பது வசதிதான் என்றாலும், தனியாக உண்பவர் குறைவாகவே உண்பார்.

கேள்வி: எனக்கு 68 வயது. தரையில் உட்கார்ந்தால் எழுவது சிரமம். இனி நாற்காலிதானா?
(வாசகி, கோவில்பட்டி)

பதில்: மூட்டுத் தேய்மானத்தால் வலி இருந்தால் சாப்பாட்டுக்கும் பூசைக்கும் நாற்காலி, கழிவறைக்கு வெஸ்டர்ன் டாய்லெட் என்று மாறிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தொடைத் தசையைச் சும்மா விடாதீர்கள்: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைக் காலையும் மாலையும் பத்து முறை செய்யுங்கள். முடியாவிட்டால் முதலில் கையூன்றியே தொடங்கலாம். தரையிலிருந்து எழும் வழியையும் வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள்: ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையூன்றித் தவழும் நிலைக்கு வந்து, உறுதியான நாற்காலியைப் பிடித்து, வலி குறைந்த காலை முன்னே மடக்கி ஊன்றி எழ வேண்டும். முழங்காலுக்கடியில் மடித்த போர்வை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.